என் சத்தத்துக்குக் கீழே ஒரு குரல்

எனக்குக் கோபம் வந்தால் அடி வாங்குவது பொருட்கள்தான். மனிதரோடு கோபப்பட எனக்குத் துணிவு போதாது. மோட்டார் சைக்கிள் முதல் உதையில் எழும்பாவிட்டால் அடுத்த உதை அதன் விலாவில் விழும். பிரிண்டர் கடதாசியைக் கவ்விக்கொண்டு நின்றால் அதன் தலையில் ஒரு தட்டு. நான் கடையில் தனியாக இருக்கும்போது வெளியே நிற்பவர்கள் உள்ளே இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். "திருப்பிக் கதைக்காதுகள் எண்ட தைரியம் உங்களுக்கு," என்பாள் மனைவி. அப்படித் திட்டு வாங்கிய ஒன்று ஒருநாள் திருப்பிக் கதைத்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

மல்லாவியில் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருக்கிறது. தொடங்கிய காலத்தில் அடையாள அட்டைப் படமும் கலியாண அல்பமும்தான் வேலை. இப்போது பாதி வேலை செத்தவீடு. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடினால் ஐயருக்கும் பறைக்கும் சொன்ன கையோடு எனக்கும் சொல்லிவிடுவார்கள். நான் பந்தலில் ஒரு மேசை போட்டு, கமராவையும் லப்டொப்பையும் பூட்டி, வர முடியாதவர்களுக்கு நேரலையாக அனுப்புவேன். என் சட்டைக் கொலரில் ஒரு சிறிய மைக் குத்தியிருக்கும், அது நேரே லப்டொப்புக்கு மட்டும் போகும். "இப்ப சுண்ணம் இடிக்கினம்", "பெரியமாமா வந்து இறங்கியிருக்கிறார்", "அம்மா கொஞ்சம் தண்ணி குடிச்சவா, பயப்பிடாதேங்கோ" என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். நான் சொல்வது பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது என்று கனடாவிலிருந்தெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை. செத்தவீட்டு வர்ணனையில் என்ன பெருமை என்று நீங்கள் சிரிக்கலாம். இருந்தது.

நேரலையில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. வாய்க்கரிசி போட்டு முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன்னால், வர முடியாத பிள்ளை தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு வார்த்தை சொல்வது. இதை எந்த ஐயரும் எழுதி வைக்கவில்லை. போன் வந்த பிறகு சனங்களே உண்டாக்கிக்கொண்ட கிரியை. முந்தி போனைக் காதோடு பிடிப்பார்கள். நான் அதை ஒழுங்குபடுத்தினேன். அழைப்பு என் போனுக்கு வரும். அதிலிருந்து ஒரு வயர் மேசையில் உள்ள மிக்சருக்குப் போகும். மிக்சரிலிருந்து ஒன்று லப்டொப்புக்கு, ஒன்று கமராவுக்கு, இன்னொன்று பெட்டியின் தலைமாட்டில் வைத்த சின்ன ஸ்பீக்கருக்கு. என் காதில் ஹெட்செட். அந்த நேரம் வந்ததும் நான் கையை உயர்த்துவேன். பறை அடிப்பவர்கள் என்னைப் பார்த்து நிறுத்துவார்கள். பந்தல் முழுக்க அடங்கும். பிள்ளை கதைக்கும்.

கையை உயர்த்துவது என் வேலை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் காலபோகம் அறுவடை முடிந்த கையோடு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மல்லாவியிலிருந்து உள்ளே ஐந்தாறு மைல். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காணி வெட்டி, வயல் செய்த குடும்பம். இறந்தவர் எழுபதை நெருங்கியவர். மனைவியும் ஒரு மகனும். மகன் பிரான்சில், பேப்பர் கிடைக்காதவன். வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே போக முடியாது.

அந்த மகனுக்கும் தகப்பனுக்கும் ஆறு வருடமாகக் கதை இல்லை. அது ஊருக்கே தெரியும். ஒருநாள் காலையில் தகப்பன் வயலுக்குப் போயிருந்த நேரம், சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனவன். தாய்க்கு மட்டும் தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகன் எடுப்பான். போன் அடித்தவுடனே தகப்பன் எழும்பி மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவார். கதை முடியும் வரைக்கும் அங்கேதான் நிற்பார். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மாடு நன்றாகக் கவனிக்கப்பட்டது என்று அந்த அம்மாவே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

செத்தவீட்டன்று காலையிலிருந்தே இணைப்பு சரியில்லை. நேரலை இரண்டு தரம் அறுந்து, பிறகு முற்றாக நின்றுவிட்டது. மகனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"லைவ் போகாது போல கிடக்கு தம்பி. ஆனா எல்லாத்தையும் முழுசாப் பதிஞ்சு அனுப்பிறன். நீங்கள் கதைக்கிறதும் அதில இருக்கும்."

"நான் கதைக்கிறது அப்பாவுக்குக் கேக்குமோ அண்ணை?" என்று கேட்டான். செத்தவருக்குக் கேட்குமா என்று கேட்கிறான். நான் "ஓம், கேக்கும்" என்றேன்.

வாய்க்கரிசி முடிந்தது. மகனுக்குப் பதிலாகக் கொள்ளி வைக்க இருந்த பெறாமகன், இறந்தவரின் தம்பியின் பிள்ளை, ஈரவேட்டியோடு கால்மாட்டில் நின்றான். அந்த அம்மாவைத் தலைமாட்டில் இருத்தியிருந்தார்கள். பறை உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மகனின் அழைப்பு வந்தது. நான் எடுத்து, மிக்சரில் சத்தத்தைத் திறந்தேன். "அப்பா" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. கையை உயர்த்தப் போனேன். அப்போதுதான் லப்டொப் திரையைப் பார்த்தேன். மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரம் நின்றுவிட்டிருந்தது. படத்தில் ஒரு பெண் சேலைத்தலைப்பை வாயில் பொத்தியபடி அப்படியே உறைந்து நின்றாள். சுட்டி நகரவில்லை. எதை அமத்தினாலும் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது.

என் கோபம் தலைக்கு ஏறியது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தேன். விசைகளை மாறிமாறிக் குத்தினேன். லப்டொப்பைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். பவர் பட்டனில் விரலை வைத்து, அது அணையும் வரைக்கும் அமத்திப் பிடித்தேன். பிறகு திரும்ப எழுப்பினேன். அது ஆடி அசைந்து எழும்பி, நான் மீண்டும் பதிவைத் தொடங்கி நிமிர்ந்து பார்த்தபோது பறை அடித்துக்கொண்டே இருந்தது. நான் கையை உயர்த்தவே இல்லை. அந்த அம்மா அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்துக் குனிந்திருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் போன் திரையில் அழைப்பு முடிந்துவிட்டது என்றிருந்தது. மூன்று நிமிடம் பன்னிரண்டு செக்கன்.

பெட்டியை மூடினார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. கமராவுக்கும் ஒரு வயர் போனது என்று சொன்னேன் அல்லவா. கமரா பாட்டுக்குத் தன் கார்ட்டில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. மூன்று நிமிடமும் சுத்தமாக அதில் இருந்தது. அதை அழித்தது எந்தக் கொம்பியூட்டரும் இல்லை. இந்தக் கை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவது எல்லோருக்கும் உள்ளது. படம் எடுப்பவனுக்குக் கமராவும் முழுக வேண்டும். அதைத் தண்ணீரில் முக்க முடியாது. ஆகவே பையின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள் மனைவி. கார்ட்டை நான் துப்புரவாக அழித்துவிடுவேன். செத்தவீடு பதிந்த கார்ட்டைக் கலியாணத்துக்கோ, பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீட்டுக்கோ கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனது தெரிந்தால் பெண்ணின் தாய் என்னைப் படலையோடு திருப்பி அனுப்பிவிடுவார். இந்தப் பக்கத்தில் தொழில் செய்கிற எல்லோரும் இப்படித்தான். எனக்கும் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

அடுத்த நாள் விடியப் பூவரசங்குளத்தில் ஒரு சாமத்தியவீடு இருந்தது. சுடலைக்கும் போய் எடுத்து முடித்து, பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். விறாந்தைக்கு வெளியே நின்றபடியே லப்டொப்பைத் திறந்தேன். கோப்பு இருந்தது. நான் பவர் பட்டனை அமத்துவதற்கு முன்னால் பதிந்தது ஒன்று, பின்னால் பதிந்தது ஒன்று. முதலாவது நல்ல பருமனாக இருந்தது. அதை ஒருதரம் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் மனைவி செம்போடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, விடிஞ்சா நல்ல காரியத்துக்குப் போறனீங்கள். அதை இப்ப போட்டு ஒப்பாரி கேக்கப் போறியளோ?"

அதுவும் சரிதான் என்று மூடினேன். கோப்பு இருக்கிறதுதானே. கமராவை எடுத்தேன். கார்ட்டை அழிக்கட்டுமா என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன். உறுதியாகவா என்று திரும்பவும் கேட்டது. கமராவுக்கு இருந்த நிதானம் எனக்கு இருக்கவில்லை. முழுகினேன், சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன்.

நாலாம் நாள் அந்த அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, மற்றதெல்லாம் ஆறுதலாத் தாங்கோ. அவன் தேப்பனோட கதைச்ச அந்தத் துண்டை மட்டும் ஒருக்கா அனுப்பிறியளோ? பக்கத்திலதான் இருந்தனான், மேளச் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. அவனிட்டக் கேட்டா, 'அது எனக்கும் அப்பாவுக்கும்' எண்டு சொல்லிப்போட்டு அழுறான்."

அன்றைக்குத்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். திறக்கவில்லை. இதை இயக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. வேறு செயலியில் போட்டேன். அதே வரி. பெயரை மாற்றினேன், பிரதி எடுத்தேன், லப்டொப்பை நிறுத்தி எழுப்பினேன். கார்ட்டை எடுத்து, அழிந்ததை மீட்கும் செயலி ஒன்றை ஓடவிட்டேன். அதற்கு மேல்தான் பூவரசங்குளத்துச் சாமத்தியவீடு முழு நாளும் பதிந்து கிடந்ததே. மீண்டு வந்ததெல்லாம் ஆலாத்தியும் பலகாரத் தட்டும்தான். கடைசியாக ஒரு படம் வந்தது. மேல் பாதியில் பெட்டியின் வெள்ளைத் துணி. கீழ் பாதியில் சாமத்தியவீட்டுப் பிள்ளையின் மருதாணிக் கை. இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்றுதானே இத்தனை வருடமாக அழித்து அழித்து வந்தேன். உடனே அதை அழித்தேன். அழித்த பிறகும் கண்ணுக்குள் நின்றது.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குப் போனேன். போகாமல் விடலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்த அம்மா ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்திருந்தார்கள். என்னைக் கதிரையில் இருத்தி, அவரே தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அம்மா, அந்தத் துண்டு சரியாப் பதியேல்லை," என்றேன். "அண்டைக்குக் கவரேஜ் இல்லைதானே. லைன் இழுபட்டுப் போச்சுது."

முதல் பொய். அது வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளருக்கு எத்தனையோ தரம் சொன்ன பொய்தான்.

அவர் கொஞ்ச நேரம் சேலைக் கரையை மடித்துக்கொண்டிருந்தார். "அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது," என்றார். எனக்காகப் பரிதாபப்பட்டார். பிறகு முகம் தெளிந்தது.

"ஆனா அந்த வயர் உங்கட காதிலதானே கிடந்தது தம்பி? நீங்கள் கேட்டிருப்பியள். என்ன சொன்னவன்?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அம்மா, நான் அதைக் கழற்றிவிட்டேன், கேட்கவில்லை. ஐந்தே சொற்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய பந்தலில் தன் மகனின் குரல் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் நான் என்ற நினைப்பில் பார்த்தார். எத்தனை செத்தவீட்டில் எத்தனை பிள்ளைகள் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

"அப்பா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவர்."

"அப்பிடியோ சொன்னவன்?"

"ஓம்."

"பிறகு?"

"பிறகு அழுதவர்."

"பிறகு?"

"அவ்வளவுதான் அம்மா."

அவர் எழும்பினார். எனக்கு ஒன்றும் சொல்லாமல், மாலை போட்டிருந்த கணவரின் படத்துக்குக் கிட்டப் போனார். "கேட்டியளே? மன்னிப்புக் கேட்டவனாம்," என்றார். நான் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது. வேணும் எனக்கு.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொய்யைச் சொன்னவனுக்கு உண்மையான பதிவு எதற்கு என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. ஒருவேளை அவன் உண்மையிலேயே மன்னிப்புத்தான் கேட்டிருப்பான், நான் சொன்னது பொய்யே இல்லை என்று ஆகிவிடும் என்ற ஆசையாக இருக்கலாம். வவுனியாவில் கொம்பியூட்டர் திருத்துகிற பெண் ஒருவர் இருக்கிறார், பழுதான கோப்புகளை எழுப்பித் தருவார் என்று சொன்னார்கள். லப்டொப்பைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்து, பிறகும் போனேன்.

அவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் சொன்ன கதை முழுவதையும் கேட்கவில்லை. கோப்பைத்தான் பார்த்தார்.

"அண்ணை, இந்த வகைக் கோப்பு, நீங்கள் பதிவை முறையா நிப்பாட்டினாப் பிறகுதான் கடைசிப் பக்கத்தை எழுதும். எது எங்க கிடக்குது எண்ட விபரமெல்லாம் அந்தப் பக்கத்திலதான். அது இல்லாட்டி உள்ளுக்கை எல்லாம் கிடக்கும், ஆனா ஒருத்தராலும் வாசிக்க ஏலாது."

"எடுக்கலாமோ தங்கச்சி?"

"இதே கமராவால, இதே லப்டொப்பில, இதே அளவில பதிஞ்ச நல்ல கோப்பு ஒண்டு தாங்கோ. அதைப் பாத்துப் பாத்துத்தான் இதை அடுக்க வேணும். இந்தக் கோப்பில இனிக் கை வைக்காதேங்கோ. நான் பிரதியிலதான் செய்வன்."

நல்ல காரியங்களுக்கு நான் வேறு அளவு வைத்திருந்தேன். ஆகவே அதற்கு முந்தின மாதத்துச் செத்தவீடு ஒன்றைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டுச் சாவைப் பார்த்து இன்னொரு வீட்டுச் சாவைத் திருத்தினார் அந்தப் பெண். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நான் வெளியே வாங்கில் இருந்து நகத்தைக் கடித்தேன்.

"வாங்கோ," என்று கூப்பிட்டார். "படம் கடைசிப் பக்கம் சிதறிப்போச்சு. சத்தம் முழுக்க இருக்கு."

கடைசி ஒரு நிமிடத்தைப் போட்டார். பறை அடித்தது. அதற்கு மேலாக, வயரால் வந்ததனால், மகனின் குரல் தெளிவாக இருந்தது.

"அப்பா... நான்தான். கேக்குதோ அப்பா? இண்டைக்கு மாட்டுக் கொட்டிலுக்குப் போயிடாதேங்கோ. இண்டைக்கு ஒருக்கா நில்லுங்கோ. நான் அண்டைக்கு உங்களுக்குச் சொல்லாமல் போனது ஏனெண்டால்..."

"சனியன்! சாகிறதுக்கு உனக்கு இப்பத்தானோ நேரம் கிடைச்சது?"

அது நான். என் கொலரில் இருந்த மைக் என் வாய்க்கு ஒரு சாண் தள்ளித்தானே. பறையை விட, மகனை விட, எல்லாவற்றையும் விடப் பெரிதாக நான். பிறகு என் மூச்சு. விசைகளைக் குத்துகிற சத்தம். "துலைஞ்சு போ" என்று இன்னொன்று. இவ்வளவுக்கும் கீழே அவன் கதைத்துக்கொண்டே இருந்தான். ஒரு குரல் ஏறி இறங்குவது தெரிந்தது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பட்டனை அமத்திப் பிடித்த நேரம். பிறகு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் கடையில் வேறு ஒருவரும் இல்லாதபோதும் சத்தத்தைக் குறைத்தார்.

"இது ஆர் அண்ணை?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சொன்னார். "திரைதான் நிண்டிருக்கு. உள்ளுக்கை அது பதிஞ்சுகொண்டுதான் இருந்திருக்கு. கொஞ்சம் பொறுத்திருந்தால் தானா விட்டிருக்கும். பட்டனை அமத்தாட்டி முழுக்க இருந்திருக்கும்." இடையில் நின்றாலும் அதுவரை பதிந்தது கெடாத வேறு வகைக் கோப்பு ஒன்றைக் காட்டி, இனி அதில் பதியச் சொன்னார். அன்றிலிருந்து அதில்தான் பதிகிறேன். கார்ட்டும் நல்லதுக்கு வேறு, கெட்டதுக்கு வேறு. ஒரே கார்ட்டை அழித்து அழித்து முழுகவைக்கிற முட்டாள்தனத்தை விட்டுவிட்டேன். இதெல்லாம் இப்போது.

செத்தது லப்டொப் இல்லை. அது உயிரோடு இருந்து வேலை செய்தது. நான்தான் அதன் கழுத்தை நெரித்தேன். வவுனியாவிலிருந்து மல்லாவி வரைக்கும் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு, பென் ட்ரைவையும் லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நான் வாய் திறக்க முதலே தன் கதையைத் தொடங்கினார்.

"தம்பி, அவனுக்குச் சொன்னனான். அப்பாவிட்ட நீ மன்னிப்புக் கேட்டதை அந்தக் கமராத் தம்பி சொன்னவர் எண்டு. கன நேரம் பேசாமல் இருந்தவன். பிறகு 'ஓம் அம்மா, கேட்டனான்' எண்டவன். எனக்கு அது காணும். இனி நானும் போய்ச் சேரலாம்."

அந்த இடத்தில் பென் ட்ரைவைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். அவர் நிம்மதியாக இருந்தார். நிம்மதி இல்லாதவன் நான்தான். என் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது, அவர் மடிதான் கிட்ட இருந்தது. இன்றைக்கு யோசிக்கும்போது அப்படித்தான் தெரிகிறது. அன்றைக்கு நான் உண்மை சொல்கிற நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் சொன்னது பொய்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்செட்டைக் கழற்றினது, கையை உயர்த்த மறந்தது, கார்ட்டை அழித்தது. பிறகு லப்டொப்பைத் திறந்து போட்டேன்.

மாட்டுக் கொட்டில் என்ற சொல் வந்தபோது அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். பிறகு என் குரல் வந்தது. மாலை போட்ட படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சாகிறதுக்கு உனக்கு இப்பத்தானோ நேரம் கிடைச்சது என்று நான் கேட்டேன்.

முடிந்த பிறகு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் கன நேரம் பேசாமல் இருந்தது இதுக்குத்தான். அப்ப அவனும் நீங்களும் சேர்ந்துதான் என்னை ஆறுதல்படுத்தியிருக்கிறியள்," என்றார்.

"அம்மா, அவரிட்டயே ஒருக்கா கேளுங்கோவன். ஏன் சொல்லாமல் போனவர் எண்டு. இப்ப சொல்லுவார்."

"எப்பிடித் தம்பி கேக்கிறது?" என்றார். குரலில் கோபம் இல்லை, எனக்கு விளங்கவில்லையே என்ற சலிப்புத்தான் இருந்தது. "நான் நிம்மதியா இருக்க வேணும் எண்டு, சொல்லாததைச் சொன்னன் எண்டு ஓம்பட்டவன். இப்ப போய்க் கேட்டால், நீ எனக்குச் சொன்னது பொய் எண்டு எனக்குத் தெரியும் எண்டு சொல்லுற மாதிரி. அங்க தனிய இருக்கிறவன். அவனுக்கு அதையும் குடுக்கிறதோ?"

அப்போதுதான் நான் செய்தது முழுவதுமாக விளங்கியது. பதிவை அழித்தது ஒரு பிழை. அது போயிருந்தாலும், என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனம் இளகித் தாய்க்குச் சொல்லியிருப்பான். நான் சொன்ன ஒரு வரிப் பொய் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இனி அவனும் சொல்ல மாட்டான். இவரும் கேட்க மாட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகவிடாமல் என் பொய்யைக் காவிக்கொண்டு இருக்கப்போகிறார்கள்.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. "அந்தச் சத்தத்தை வெட்டித் தரட்டோ அம்மா?" என்று கேட்டேன்.

"எந்தச் சத்தத்தை?"

"என்ர சத்தத்தை."

"வெட்டினால் அவன்ர குரலும் போயிடுமே?"

"ஓம். அதுக்குக் கீழதான் அவர் கதைக்கிறார்."

"அப்ப கிடக்கட்டும்," என்றார். லப்டொப்புக்குக் கிட்ட நகர்ந்து இருந்தார். "இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டேன். ஸ்பீக்கரில் காதை வைத்துக் குனிந்தார், அன்றைக்குப் பந்தலில் குனிந்த மாதிரியே. முடிந்ததும், இன்னொருக்கா என்றார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ தரம், 'ஏனெண்டால்' என்று மகன் சொன்னதும், என் குரல் தொடங்கிய அதே கணத்தில், அவர் கண்ணை மூடியபடி வலது கையை உயர்த்தினார். பறையை நிறுத்தச் சொல்லி நான் உயர்த்துகிற மாதிரி. நான் அங்கே வாயே திறக்காமல்தான் இருந்தேன். பதிவுக்குள் இருந்த என்னைத்தான் அவர் பேசாமல் இருக்கச் சொன்னார்.